‘மூணு மேலே, மூணு கீழே’ கணக்கு எங்கே செல்லாது?

பிரீமியர் லீக் பார்த்துப் பழகியவர்கள் இங்கிலாந்து கால்பந்து முழுவதற்கும், சீசனுக்கு மூன்று அணிகள் மேல் அடுக்குக்கு ஏறும், மூன்று கீழே இறங்கும் என்ற ‘மூணு மேலே, மூணு கீழே’ கணக்கையே போட்டுவிடுகிறார்கள். நான்காம் அடுக்கான லீக் டூவுக்கும் அதற்கடுத்த ஐந்தாம் அடுக்கான நேஷனல் லீக்குக்கும் நடுவில் அது செல்லாது. இரண்டு அணிகள் இறங்கும், இரண்டு ஏறும். அவ்வளவுதான்.

ஏறும் இரண்டில் முதலிடத்துக்கு மட்டுமே நேரடி வாய்ப்பு. இரண்டாமிடம் வந்தால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. 2022-23ல் ரெக்ஸ்ஹாம் 111 புள்ளிகள், நாட்ஸ் கவுன்டி 107. வழக்கமான ஆண்டில் 107 எடுத்தால் கோப்பை கையில். நாட்ஸ் கவுன்டியோ, ஏறும் இரண்டாவது அணியைத் தீர்மானிக்கும் நாக்-அவுட் ஆட்டங்களான பிளே-ஆஃபுக்குப் போனார்கள். அரையிறுதியில் போரம் வுட்டிடம் 0-2 எனப் பின்தங்கி, கூடுதல் நேரத்தில் 3-2 என வென்றார்கள். இறுதிப் போட்டியில் செஸ்டர்ஃபீல்டை பெனால்டியில் தாண்டித்தான் மேலே வந்தார்கள். இந்த அநியாயத்துக்காகவே மூன்றாவதாக ஓர் அணியும் ஏற வாய்ப்பு வேண்டும் என்று நேஷனல் லீக் கிளப்புகள் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை.

சரி, ஜெயித்தால் ஏறிவிடலாமா? மைதானமும் தேற வேண்டும். 1994ல் கிடர்மின்ஸ்டர், 1995ல் மாக்கிள்ஸ்ஃபீல்ட், 1996ல் ஸ்டீவனேஜ் என வரிசையாக மூன்று சாம்பியன்கள் மைதானம் தகுதியில்லை என்று நிறுத்தப்பட்டார்கள். செயற்கைப் புல்லும் ஆகாது. 2021ல் சட்டன் யுனைடெட் ஏறியபோது, இருந்ததைப் பெயர்த்துவிட்டு இயற்கைப் புல் போட வேண்டியதாயிற்று.

இந்தக் கதவு காலங்காலமாகத் திறந்தே கிடந்தது என்றும் எண்ண வேண்டாம். 1986-87க்கு முன்பு மேல் நான்கு அடுக்குகளுக்கு உள்ளே யார், வெளியே யார் என்பது கிளப்புகளின் ஓட்டெடுப்பில் முடிவானது. ஓட்டெடுப்பு நின்ற அந்த முதல் ஆண்டில் ஸ்கார்பரோ ஏறியது. இறங்கப்போவது யார் என்பதைத் தீர்த்ததில் ஒரு போலீஸ் நாய்க்கும் பங்குண்டு! கடைசி நாளில் டார்க்கி வீரர் ஜிம் மெக்நிக்கலை அது கடித்துவிட, சிகிச்சையில் போன நிமிடங்களுக்காக ஆட்டத்தோடு சேர்த்த நேரத்தில் அதே அணியின் பால் டாப்சன் கோல் அடித்து 2-2 ஆக்கினார். கோல் வித்தியாசத்தில் டார்க்கி பிழைத்தது, லிங்கன் சிட்டி இறங்கியது.

அப்புறம், மேல் நான்கு அடுக்குகளுக்கு வெளியே இருக்கும் ‘நான்-லீக்’ அணிகள் என்றதும் வேலை முடிந்து வந்து ஆடும் பகுதிநேர ஆட்கள் என்று நினைத்துவிடுகிறோம். நேஷனல் லீக்கில் பல அணிகள் முழுநேரத் தொழில்முறை அணிகள். பிரீமியர் லீக்கின் முதல் சீசனில் ஆடிய ஓல்டம் அத்லெட்டிக், 2022ல் இங்கே விழுந்து, 2025ல் பிளே-ஆஃப் வழியாகத்தான் வெளியே வந்தது.