கட்டைவிரல் துளை: பிட்ச் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்களை உருட்டித் தள்ளும் பவுலிங் ஆட்டத்தின் பந்தில் விரல் துளை போடும் கடையில் தினமும் காதில் விழும் புகார், "கட்டைவிரல் மாட்டிக்குது." உடனே எழுதப்படும் மருந்துச்சீட்டு, ரிவர்ஸ் பிட்ச். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த மருந்தே நோயைக் கூட்டிவிடும் என்பது என் அபிப்பிராயம்.

பிட்ச் என்ற சொல் புதிதாக இருப்பவர்களுக்காக: பந்தின் விட்டம் எட்டரை அங்குலத்துக்குச் சற்று மேல். துளை நேராகப் பந்தின் மையத்தைக் குறிவைத்துப் போனால் ஜீரோ பிட்ச். மையத்தை விட்டு எவ்வளவு விலகிப் போகிறதோ, அந்த அங்குலக் கணக்குதான் பிட்ச். கட்டைவிரல் நுனி மற்ற விரல் துளைகளின் பக்கம் போகிற மாதிரி சாய்ந்தால் ஃபார்வர்ட், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ரிவர்ஸ், பக்கவாட்டில் சாய்ந்தால் லேட்டரல். 1/8 அங்குலம் மாற்றினால் கோணம் ஏறக்குறைய 1.7 டிகிரி நகரும். அளவுகளைக் குறித்து வைக்கும் அட்டையில் எழுதும்போது அற்பமாகத் தெரியும், 15 பவுண்டு பந்தைத் தூக்கி வீசும்போதுதான் அதன் அருமை புரியும்.

ரிவர்ஸ் கூட்டினால் விரல் சீக்கிரம் வெளியே வரும். கணக்கு சரிதான். ஆனால் கூட்டக் கூட்டப் பந்து கையில் தங்காது. பந்து நழுவப்போகிறது என்று கை உணர்ந்ததும், வழுக்கும் குடத்தைக் கழுத்தோடு பிடிப்பது போல விரல் தானாக இறுக்கும். இறுக்கும்போது கட்டைவிரலின் கணு மடங்குகிறது. விரலின் சதைப்பக்கம் துளையின் முன்சுவரிலும், கணு பின்சுவரிலும் அழுந்துகிறது. மடங்கிய விரல் துளையிலிருந்து எப்படி நேராக வரும்? மறுபடி மாட்டும். மறுபடி 1/8 ரிவர்ஸ். இப்படியே 1/2 அங்குலம் வரை போய் நிற்பவர்கள் இருக்கிறார்கள்.

அதனால் அட்டையைப் பார்ப்பதற்கு முன் விரலைப் பாருங்கள். நாலு பந்து வீசச் சொல்லிவிட்டு, கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தால் கணுவின் மேல்தோல் சிவந்திருக்கிறதா என்று தெரியும். சிவந்திருந்தால் அவர் இறுக்கிப் பிடிக்கிறார். அவருக்குத் தேவை ரிவர்ஸ் அல்ல, பிடிப்பு. பலருக்கு ரிவர்ஸைக் குறைத்ததும் விரல் சுகமாக வெளியே வருவதைப் பார்த்து அவர்களே நம்பமாட்டார்கள்.

இதைவிட மோசமான தவறு, ஸ்பானைப் பார்க்காமல் பிட்சில் கை வைப்பது. கட்டைவிரல் துளையின் விளிம்பிலிருந்து விரல் துளையின் விளிம்பு வரை உள்ள தூரம்தான் ஸ்பான். கட்டைவிரலை முழுக்க உள்ளே விட்டு, மற்ற இரண்டு விரல்களையும் பந்தின் மேல் இயல்பாகப் படுக்கவிட்டு அளக்க வேண்டும். விரல்களை முதல் மூட்டு வரை மட்டும் நுழைக்கும் ஃபிங்கர்டிப் பிடி என்றால் முதல் மூட்டின் கோடு துளையின் உள்விளிம்புக்கு நேராக வர வேண்டும். விரல் துளைக்குள் ஒட்டும் ரப்பர் கிரிப்பின் தடிமனையும் கணக்கில் சேர்க்க வேண்டும், பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஸ்பான் குட்டையாக இருந்தால் உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே இடைவெளி விழும், கட்டைவிரல் மடங்கும். நீளமாக இருந்தால் கட்டைவிரலின் அடித்தோலும் தசைநாரும் இழுபடும். இரண்டுமே பிட்ச் தவறு மாதிரி வேஷம் போடும்.

ஸ்பான் நீளமானால் ரிவர்ஸ், குட்டையானால் ஃபார்வர்ட் என்று பழைய அட்டவணைகள் சொல்லும். தொடங்குவதற்கு அது போதும். ஆனால் அட்டவணைக்கு உங்கள் மூட்டைத் தெரியாது. ஒரே ஸ்பான் உள்ள இருவரில் ஒருவருக்குக் கட்டைவிரல் நன்றாக விரியும், இன்னொருவருக்கு விறைப்பாக இருக்கும். இருவருக்கும் ஒரே எண் பொருந்தாது.

துளையின் அளவும் விளிம்பும் அடுத்தது. துளை லூசாக இருந்தாலும் விரல் இறுக்கத்தான் செய்யும். இதற்கு டேப் போதும், டிரில் வேண்டாம். விளிம்பு கூர்மையாக இருந்தால் பெவலை, அதாவது விளிம்பின் சரிவை, கொஞ்சம் உருட்டினாலே விரல் சுலபமாக வரும். விளையாட விளையாட விரல் வீங்கும் என்பதால், ஏசி குளிரில் முதல் பந்து வீசும்போது இருக்கும் விரலை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. வீங்கிய விரலுக்குத் துளையிட்டு, வீங்காத நேரத்துக்கு டேப் ஒட்டுவதே வழக்கம்.

லேட்டரலைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. கட்டைவிரலின் பக்கவாட்டுத் தோல் மட்டும் உரிந்தால் சந்தேகம் முதலில் அங்கே போக வேண்டும். இதில் "வலது 1/8" என்று எழுதி வைப்பது ஆபத்து. வலக்கைக்காரருக்கு வலது லேட்டரல் என்றால் உள்ளங்கைக்கு அடியில், இடக்கைக்காரருக்கோ அதே வலது உள்ளங்கைக்கு வெளியே. அட்டையில் "அடியில்", "வெளியே" என்றே எழுதிவிடுங்கள். துளைக்கும்போது பந்தைப் பிடித்துக்கொள்ளும் ஜிக்கில் பந்தைத் திருப்பி வைத்துவிட்டு ரிவர்ஸுக்குப் பதில் ஃபார்வர்ட் துளைப்பதும் நடக்கிற கதைதான். விரல் துளைகள் எந்தப் பக்கம் என்று பந்தின் மேல் பென்சிலால் ஓர் அம்புக்குறி போட ஐந்து நொடி ஆகாது. லேட்டரல் மாறினால் துளையின் ஓவல், அதாவது விரலுக்கேற்ற நீள்வட்ட வடிவம், எந்தக் கோணத்தில் கிடக்க வேண்டும் என்பதையும் திரும்ப யோசிக்க வேண்டும்.

ராவி ராவியே பிட்சை மாற்றிவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. மேலே முன்பக்கம் கொஞ்சம், அடியில் பின்பக்கம் கொஞ்சம் என்று தேய்த்தால் கோணம் மாறியது போலத் தோன்றும். உண்மையில் துளை பெரிதாகி, ஆழத்துக்கு ஆழம் வேறு அளவாகிவிடும். அதன் பிறகு எத்தனை டேப் ஒட்டினாலும் சரிவராது.

மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், 1/16 அல்லது 1/8 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஸ்பான், பிட்ச், ஓவல் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று யாருக்கும் தெரியாது. துளைக்குள் ஒட்டிய உருளையான ஸ்லக் இருந்தால் அதை மட்டும் எடுத்துப் புதிது போட்டுத் துளைக்கலாம், பந்துக்குச் சேதமில்லை. கழற்றி மாட்டும் ஸ்லீவ் வகை என்றால் இன்னும் வசதி, இரண்டு பிட்சில் இரண்டு ஸ்லீவ் செய்து, அதே பந்தில் மாற்றி மாற்றி வீசிப் பார்க்கலாம். சாய்ந்த துளை பந்தின் மேற்பரப்பில் லேசாக நீள்வட்டமாகத் திறக்கும், ஆகவே துளைத்த பின், பெவல் போடுவதற்கு முன், ஸ்பானை மறுபடி அளந்துவிடுங்கள்.

இடமே மாற்றி வேறு துளை போடுகிறீர்கள் என்றால் பழையதை அப்படியே விட முடியாது. 2020 ஆகஸ்ட் முதல் அமெரிக்க பவுலிங் அமைப்பான யுஎஸ்பிசியின் விதிப்படி, பந்தின் எடையைச் சமன்செய்யப் போடும் பேலன்ஸ் துளை கிடையாது, பந்திலுள்ள ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு வீச்சிலும் பிடிக்கப் பயன்பட்டாக வேண்டும். பழையதை ப்ளக் எனும் பிசின் கலவை ஊற்றி அடைக்க வேண்டும். அடைத்த ப்ளக் முழுக்க இறுகும் வரை டிரில் பிட்டை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.