படகுக்கு பீக்கன் வாங்கும் முன்

பாம்பன், மண்டபம் பக்கம் பீக்கன் (ஆபத்தில் செயற்கைக்கோளுக்கு உதவி சிக்னல் அனுப்பும் கருவி) பேச்சை எடுத்தாலே விலையைத்தான் முதலில் கேட்கிறார்கள். நியாயம்தான், ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி, படகு கவிழ்ந்தால் அது யார் கைக்கு எட்டும் என்பது.

சின்ன விமானங்களில் இருக்கும் இஎல்டி என்ற பீக்கன் தரையில் மோதிய அதிர்ச்சியில் தானாக இயங்கும். அதே விமானம் கடலில் விழுந்து மூழ்கினால் சிக்னல் தண்ணீரைத் தாண்டி வெளியே வராது. அதனால்தான் கடல் மேல் பறக்கும் விமானிகள் பலர் பிஎல்பி என்ற கையடக்க பீக்கன் ஒன்றையும் உடம்போடு வைத்திருக்கிறார்கள். நமக்கும் இதே கதைதான். படகில் பொருத்தும் ஈபெர்ப் என்ற பீக்கன், ஒன்றரை முதல் நான்கு மீட்டர் ஆழத்துக்குப் போனால்தான் தாங்கியிலிருந்து தானாகக் கழன்று மேலே வரும், ஆனால் ஃபைபர் வள்ளம் கவிழ்ந்தால் பெரும்பாலும் மூழ்காமல் குப்புற மிதக்கும், கருவி அடியில் மாட்டிக்கொள்ளும். அதனால் நாட்டுப்படகுக்கு என் யோசனை, லைஃப் ஜாக்கெட்டில் கட்டிக்கொள்ளும் பிஎல்பி.

செயற்கைக்கோள்கள் கேட்கும் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை, ஜிபிஎஸ் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் 121.5 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் பழைய கருவியை யாராவது மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், அந்த அலைவரிசையைச் செயற்கைக்கோள்கள் கேட்பதை 2009 பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்டார்கள். பழைய கப்பலில் கழற்றிய கருவியும் வேண்டாம், அதில் அந்தக் கப்பலின் அடையாள எண் இருக்கும், நீங்கள் அழுத்தினால் தேடுபவர்கள் அந்தக் கப்பலைத்தான் விசாரிப்பார்கள்.

வாங்கியதும் பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் மையத்தில் பதிவு செய்யுங்கள். கரையில் போனை எடுக்கும் ஆளின் எண்ணைக் கொடுங்கள், சம்மாட்டியும் (படகு உரிமையாளர்) கூடவே கடலுக்கு வருபவர் என்றால் அவர் எண் மட்டும் போதாது. மீனவர்களுக்கான இஸ்ரோவின் ஆபத்து எச்சரிக்கைக் கருவியான டிஏடி கிடைத்தால் அதையும் வாங்கி வையுங்கள், 2024-ல் வந்த புதிய வகையில் உங்கள் அழைப்பு கிடைத்தது என்ற பதிலும் திரும்பி வரும்.

ஆபத்தில் ஆன்டெனாவை நிமிர்த்தி, வானம் தெரியும்படி பிடியுங்கள். பிஎல்பி குறைந்தது 24 மணி நேரம் தாங்கும், இடையில் அணைக்காதீர்கள். தவறுதலாக அழுத்திவிட்டால் பயப்பட வேண்டாம், கடலோரக் காவல்படையின் 1554-க்கு உடனே சொல்லிவிடுங்கள்.

செலவு வாங்குவதோடு முடியாது, சில வருடங்களுக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டும். அந்தக் காலாவதி தேதியை, ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், படகைக் கரையேற்றி வேலை பார்க்கும்போதே பார்த்துவிடுங்கள்.