பாஹா கடற்கரையில் ஆர்.வி. வண்டியோடு குளிர்காலம்

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில், முலேஹே ஊருக்குத் தெற்கே கொன்செப்சியோன் விரிகுடா. அங்குள்ள சாந்திஸ்பாக், ரெக்கெசோன் கடற்கரைகளில் அலைக்குப் பத்தடி தள்ளி ஆர்.வி.யை (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வீட்டு வண்டி) நிறுத்தி, மாதக்கணக்கில் தங்கலாம். ஆனால் மின் இணைப்போ குடிநீர்க் குழாயோ கிடையாது. கூரையில் சோலார் பேனல் இருந்தால் கவலையில்லை. தண்ணீருக்கு, முலேஹேயில் 'புரிஃபிகதோரா' (தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம்) என்று பலகை தொங்கும் கடைகளில் 20 லிட்டர் கேன்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும்போது மெக்சிகோ எல்லையில் யாரும் நிறுத்தவில்லையே என்று அப்படியே போய்விடாதீர்கள். நீங்களே இறங்கி, குடிவரவு அலுவலகத்தில் சுற்றுலா அனுமதி வாங்க வேண்டும். அதிகபட்சம் 180 நாள். எத்தனை நாள் என்பதை அதிகாரிதான் முடிவு செய்வார், அதனால் திரும்பும் தேதியைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். அமெரிக்க வண்டிக் காப்பீட்டின் மூன்றாம் நபர் பொறுப்பு அங்கே செல்லாது. மெக்சிகோ காப்பீடு தனியாக எடுத்தே ஆக வேண்டும். தீபகற்பத்துக்குள் மட்டும் சுற்றினால் வண்டிக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி தேவையில்லை. லா பாஸிலிருந்து படகேறி மறுகரையில் உள்ள மெக்சிகோ பெருநிலப் பகுதிக்குப் போவதானால் தேவை.

எல்லையிலிருந்து தெற்கே வரும் வழியில் உள்ள எல் ரொசாரியோ ஊரில் டேங்கை முழுக்க நிரப்பிவிடுங்கள். இதை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள். அடுத்து கெரேரோ நெக்ரோ வரை சுமார் 350 கி.மீ. பாலைவனம், நடுவே பெட்ரோல் பங்க் இருக்கும் என்று நம்ப முடியாது. சாலை குறுகல், ஓரத்தில் ஒதுங்க இடமில்லை, இரவில் மாடுகள் குறுக்கே வரும். பகலிலேயே ஓட்டுங்கள்.

குளிர்காலத்தில் வடகாற்று சில நாள் விடாமல் அடிக்கும். வெளியே விரிக்கும் துணிப்பந்தலை இரவில் சுருட்டிவிட்டே படுங்கள்.