கோழிக்குப் பரிசோதனையா? முதலில் மருந்துத் தூளைக் கீழே வையுங்கள்

மட்டக்களப்புப் படுவான்கரையில் 20, 30 ஊர்க்கோழியும் ஒரு இன்கியுபேட்டரும் வைத்துக் குஞ்சு விற்கிறவர்கள் கூடிவிட்டார்கள். வாங்குகிறவர்கள் "பரிசோதித்த கோழியா?" என்று கேட்கத் தொடங்கியதும் இவர்களும் கால்நடை வைத்தியரிடம் போகிறார்கள். போகுமுன் செய்கிற கூத்தைப் பார்த்தால் என் பழைய கூத்தேதான். கூட்டைக் கழுவு, செத்ததை வாவியில் எறியாதே என்பதெல்லாம் தெரிந்த கதை, விடுகிறேன்.

பரிசோதனைக்கு முன் மருந்து கொடுப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். ஒருமுறை பொரித்த குஞ்சுகள் முதல் வாரத்திலேயே பின்புறத்தில் வெள்ளைக் கழிச்சல் ஒட்டி, ஒடுங்கி நின்று செத்தன. பக்கத்து வீட்டு மாமா, "தண்ணிக்குள்ள கொஞ்சம் ஒக்ஸி போடு மகன்" என்றார். அந்த நுண்ணுயிர்க்கொல்லித் தூளை மூன்று நாள் கலக்கிக் கொடுத்தேன். அப்புறம்தான் செத்த குஞ்சுகளைக் கொண்டுபோனேன். ஆய்வுகூடத்தில் கிருமி வளரவில்லை. அதை 'நோய் இல்லை' என்று நானே வாசித்துக்கொண்டு அடுத்த ஈட்டில் 40 குஞ்சு விற்றேன். வாங்கியவர்கள் வீட்டிலும் அதே கழிச்சல். காசைத் திருப்பிக் கொடுத்தேன். ஒருவர் இன்னும் என்னிடம் முட்டைகூட வாங்குவதில்லை.

மருந்து கிருமியை அடக்கிவைத்தால் ஆய்வுகூடத் தட்டில் அது முளைக்காது. ஆனால் இந்தக் கழிச்சலைக் கொடுக்கிற புல்லோரம் என்ற கிருமி தாயின் சூலகத்தில் இருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கு இறங்கும். தாயோ நன்றாகத் தின்று கொழுத்து நிற்கும். அதைப் பிடிக்கத்தான் இரத்தப் பரிசோதனை. இறக்கை நரம்பில் எடுத்த ஒரு துளியைச் சாயமேற்றிய திரவத்தோடு தட்டில் கலப்பார்கள். 2 நிமிடத்துக்குள் மணிமணியாகத் திரண்டால் அந்தக் கோழியில் சந்தேகம். சின்னக் குஞ்சுக்கு இது சரிவராது, 16 வாரமாவது ஆகவேண்டும். என் 22 கோழியில் நாலுக்குத் திரண்டது. நாலும் பார்க்க அழகானவை.

ஏற்கனவே மருந்து கொடுத்துவிட்டீர்களா? பெயரையும் நாளையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஏச்சு விழும், பரவாயில்லை.

தடுப்பு மருந்துத் திகதியை எழுதாதது

ராணிக்கெட் என்ற வைரஸ் நோய்க்குத் தடுப்பு மருந்து பெற்ற கோழியின் இரத்தத்திலும் எதிர்ப்புச் சக்தி தெரியும். திகதி இல்லாவிட்டால் அது மருந்தால் வந்ததா நோயால் வந்ததா என்று பிரிப்பது கஷ்டம். கலண்டரில் கிறுக்கி வைத்தாலே போதும்.

செத்த கோழியை ஃபிரீசரில் போடுவது

உறைந்தால் உள்ளுறுப்புகள் சிதைந்துவிடும். இரண்டு பையில் கட்டி, ஐஸோடு ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோங்கள். நம்மூர் வெயிலில் மத்தியானத்துக்குள் நாறிவிடும்.

நோஞ்சானை மட்டும் பிடித்துக்கொண்டு போவது

அந்த நாலு அழகிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு வந்த மறுநாளே சந்தையில் பரிசோதிக்காத சேவலை வாங்கிக் கூட்டுக்குள் விடுவது

நானும் விட்டேன். திரும்பவும் எல்லாக் கோழிக்கும் இரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று.