வீட்டில் எழுதும் பாட்டு சிடியில் ஒலி கெடுவது ஏன்? படிப்படியாகக் கண்டறியும் முறை

மாரியம்மன் நோம்பியின்போது கேசட்டில் பதிந்து வைத்த உடுக்கையடிக் கதைப்பாட்டையோ, உறவினர் திருமணச் சீரில் கைபேசியில் பதிந்த மங்கல வாழ்த்தையோ சிடியில் எழுதிக் காரிலோ வீட்டிலோ போட்டுக் கேட்கும்போது, ஒலி மங்கலாகவோ கரகரப்பாகவோ விட்டு விட்டோ வந்தால், பலரும் உடனே வேறொரு வெற்று சிடியை எடுத்து மறுபடி எழுதுகிறார்கள். குறை சிடியில் இல்லாவிட்டால் எத்தனை சிடி மாற்றினாலும் பயன் இராது. என்ன வகைக் குறை என்பதை முதலில் காதால் பிரித்தறிந்துவிட்டால், அது எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

இதற்குக் காரணம் சிடியின் அமைப்பிலேயே இருக்கிறது. பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் 1980இல் வகுத்த தரத்தின்படி, ஒலி சிடியில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலி அலையின் அளவீடுகள்), ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் என இரண்டு சேனல்களாகப் பதிகின்றன. இவை வெறும் எண்கள். படிக்கும்போது சிறு பிழைகள் நேர்ந்தால் பிளேயரே திருத்திக்கொள்ளும். திருத்த முடியாத அளவுக்குப் போனால் பக்கத்து மாதிரிகளைக் கொண்டு இட்டு நிரப்பும். அதுவும் இயலாதபோது அந்த இடத்தில் ஒலியை நிறுத்திவிடும். ஆகவே சிடி கெட்டிருந்தால் ‘டிக் டிக்’ என்ற வெடிப்பும் தாவலும் மௌனமும் கேட்குமே தவிர, பாட்டு முழுவதும் ஒரே சீராக மங்கிப் போகாது. மங்கல் இருந்தால் மூலக் கோப்பைச் சந்தேகியுங்கள். உரத்த இடங்களில் மட்டும் ஒலி கிழிந்தால் ஒலி அளவைச் சந்தேகியுங்கள்.

முதற்படி: இடம் மாற்றிக் கேட்டல்

சிடியில் எழுதிய அதே கோப்பைக் கணினியில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள். அடுத்து, எழுதிய சிடியை அதே கணினியில் கேளுங்கள். பிறகு அந்தச் சிடியை வேறொரு பிளேயரில் போடுங்கள். கடைசியாக, குறை தெரிந்த பிளேயரில் கடையில் வாங்கிய அசல் சிடி ஒன்றைப் போடுங்கள். கோப்பிலேயே குறை கேட்டால் இரண்டாம், மூன்றாம் படிகளைப் பாருங்கள். கோப்பு நன்றாக இருந்து சிடி மட்டும் எல்லாப் பிளேயரிலும் கெட்டிருந்தால் நான்காம் படிக்குப் போகலாம். அசல் சிடியும் தடுமாறினால் பிளேயரைத்தான் கவனிக்க வேண்டும்.

இரண்டாம் படி: மூலக் கோப்பு

பெரும்பாலான குறைகள் இங்கேதான் பிறக்கின்றன என்பது என் கருத்து. 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) அளவில் சுருக்கிய எம்பி3 கோப்பில், ஏறத்தாழ 16 கிலோஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலிகள் பொதுவாக வெட்டப்பட்டிருக்கும். தாளமும் சலங்கையும் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் சலசலக்கும். சிடி எழுதும் மென்பொருள் அதை 1,411 கேபிபிஎஸ் அளவுக்கு விரித்து எழுதினாலும், போன ஒலி திரும்பி வராது. வாட்ஸ்அப் குரல்பதிவாக வந்த பாட்டுக்கும் இதே நிலைதான். பதிந்தவரிடமிருந்து அசல் கோப்பையே பென் டிரைவில் வாங்குங்கள். ஒலி இழப்பில்லாத வேவ் அல்லது ஃபிளாக் வடிவம் கிடைத்தால் மிக நல்லது. எம்பி3யைத் திருத்தி மீண்டும் எம்பி3யாகச் சேமிப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

பழைய கேசட்டிலிருந்து எடுப்பவர்கள் இந்தப் படியில் அவசரப்படக் கூடாது. ஊர் உடுக்கைப் பாட்டுக்காரர்கள் விடிய விடியப் பாடிய அண்ணன்மார் கதை போன்ற பதிவுகளுக்கு வீட்டில் இருக்கும் ஒரு கேசட் தவிர வேறு பிரதி இல்லாமல் இருக்கலாம். முதலில் டேப் ரெக்கார்டரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெல்லத் துடைத்துக் காயவிடுங்கள். அப்படியும் மேல்சுரம் மங்கலாக இருந்தால், நாடாவுக்கு ஹெட் செங்குத்தாக நிற்கவில்லை என்று பொருள் கொள்ளலாம். ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறு திருகை, பாட்டு ஓடும்போதே, மிகச் சிறிய அளவில் திருப்பிப் பார்த்தால், ஓரிடத்தில் ஒலி பளிச்சென்று திறக்கும். இந்த ஒரு சரிசெய்தல் தரும் மாற்றத்தை வேறெந்த மென்பொருளும் தருவதில்லை. திருப்புவதற்கு முன் திருகின் நிலையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கம்பி இணைப்பு. டேப் ரெக்கார்டரிலிருந்து வரும் கம்பியை டெஸ்க்டாப் கணினியின் நீல நிறத் துளையான லைன் இன்னில் இணைக்க வேண்டும். மைக் துளையில் இணைத்தால் ஒலி அளவு மீறிக் கிழிந்துவிடும். மடிக்கணினியில் உள்ள ஒற்றைத் துளை பெரும்பாலும் மைக்குக்கானது. அது ஒரே சேனலாகத்தான் பதியும். எனவே லைன் இன் வசதி உள்ள யூஎஸ்பி ஒலி அட்டை ஒன்றை வாங்கிக்கொள்வது நல்லது. ‘உம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால், மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பதிந்து பாருங்கள். நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலைவு அந்த வழியாகவும் நுழையும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 44,100 ஹெர்ட்ஸ் எனத் தேர்ந்து, மிக உரத்த இடமும் -6 டெசிபலைத் தாண்டாதபடி அளவு வைத்துப் பதியுங்கள்.

மூன்றாம் படி: ஒலி அளவு

டிஜிட்டல் ஒலிக்கு 0 டெசிபல்தான் கூரை. அதைத் தாண்டும் அலையின் முகடு தட்டையாக வெட்டுப்படும், அதுதான் கரகரப்பு. ஆடாசிட்டியின் வியூ பட்டியலில் கிளிப்பிங்கை, அதாவது இந்த வெட்டை, காட்டும் வசதியை இயக்கினால், வெட்டுப்பட்ட இடங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும். நீங்கள் ஏற்றிய பாஸ் பூஸ்ட் போன்ற விளைவுகளால் வந்த வெட்டு என்றால், அவற்றை நீக்கிவிட்டு, ஒலி அளவைச் சீராக்கும் நார்மலைஸ் கருவியில் உச்சத்தை -1 டெசிபல் என வைத்து, 16 பிட் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஒலிபெருக்கிக்கு எதிரே கைபேசியை நீட்டிப் பதியும்போதே வெட்டுப்பட்டிருந்தால், அளவைக் குறைப்பதால் கரகரப்பு போகாது. அருகிலிருந்த வேறு யாரேனும் பதிந்திருக்கிறார்களா என்று விசாரிப்பதே சிறந்த வழி.

நான்காம் படி: எழுதுதல்

மென்பொருளில் டேட்டா சிடி என்றில்லாமல் ஆடியோ சிடி என்று தேர்ந்தெடுங்கள். 700 எம்பி சிடியில் 80 நிமிடம் கொள்ளும். ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய சிடி ஆர் வகையையே வாங்குங்கள். அழித்தெழுதும் சிடி ஆர்டபிள்யூ ஒளியை மிகக் குறைவாகத் திருப்பி அனுப்புவதால் பழைய பிளேயர்கள் அதைப் படிக்கத் திணறும்.

எழுதும் வேகத்தைப் பொறுத்தவரை 52 எக்ஸ், அதாவது பாட்டு ஓடும் இயல்பு வேகத்தைப்போல் 52 மடங்கு, வேண்டாம். 16 முதல் 24 எக்ஸ் வரை வைத்துப் பாருங்கள். மிகக் குறைந்த வேகமே சிறந்தது என்ற நம்பிக்கையும் சரியன்று. இன்றைய சிடிகளின் சாயப்பூச்சு அதிவேகத்துக்கென அமைந்திருப்பதால் 4 எக்ஸில் பிழைகள் கூடவும் கூடும். கதைப்பாட்டைப் பகுதிகளாகப் பிரித்து எழுதும்போது இடையிடையே இரண்டு நொடி மௌனம் வந்தால் அது பழுதன்று. சிடி முழுவதையும் ஒரே மூச்சில் எழுதும் டிஸ்க் அட் ஒன்ஸ் முறையில், டிராக்குகளுக்கிடையே இடைவெளி பூஜ்யம் என்று வைத்து எழுதினால் அது நீங்கும்.

ஐந்தாம் படி: சிடியும் பிளேயரும்

சிடியைத் துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கக் கூடாது. பெயர் எழுதும் பக்கத்துக்கு மிக அருகில்தான் பதிவு அடுக்கு இருக்கிறது. ஆகவே அந்தப் பக்கத்துக் கீறல் அடிப்பக்கக் கீறலைவிட ஆபத்தானது. ஒட்டுக் காகிதம் ஒட்டாதீர்கள். கரூர் வெயிலில் நிற்கும் காரின் முகப்பில் சிடியை விட்டுவந்தால் சாயப்பூச்சு விரைவில் மங்கும். சோமனூர், பல்லடம் பகுதிகளில் தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில், பிளேயரின் லென்ஸில் பஞ்சுத் தூசி படிவதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எழுதி முடித்த சிடியை எக்சாக்ட் ஆடியோ காப்பி மென்பொருளால் மீண்டும் கணினிக்கு எடுத்துப் பாருங்கள். படிக்க இயலாத இடங்களை அது நேரத்துடன் சுட்டிக்காட்டும். பிழை காட்டினால் வேறு நிறுவனச் சிடியில் வேறு வேகத்தில் எழுதுங்கள். பிழையே காட்டாமல், காரில் மட்டும் வெடிப்பு தொடர்ந்தால், சிடி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பிளேயரின் லென்ஸைத் துடைக்கக் கொடுங்கள்.