தேர்வுக் குழு அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் அரசு அலுவலகங்களிலும் தன்னாட்சி நிறுவனங்களிலும் புதிதாகப் பணியாளர் பிரிவுக்கு வந்தவர்கள் அவ்வப்போது என்னிடம் கோப்பு வேலையில் சந்தேகம் கேட்டு வருவார்கள். தேர்வாணைய உறுப்பினர், தேடுதல் குழு, நேர்காணல் குழு என்று எந்தக் கோப்பாக இருந்தாலும், எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே பிழைகள் இன்றைக்கும் அதே இடத்தில் வந்து நிற்கின்றன. தேதி மாறுவது, நகல் அனுப்ப மறப்பது போன்றவற்றை நான் இங்கே தொடவில்லை. அவற்றை மேலதிகாரி பச்சை மையில் ஒரு கோடு போட்டுச் சரிசெய்துவிடுவார். கோர்ட் வரை போகும் தவறுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எல்லாக் குழுவுக்கும் ஒரே விதி என்று நினைப்பது

பழைய கோப்பை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றும் பழக்கத்திலிருந்து வருவது இது. மாநிலத் தேர்வாணையத்தின் தலைவரையும் உறுப்பினர்களையும் ஆளுநர் நியமிக்கிறார். அரசமைப்புச் சட்டத்தின் 316-ஆவது பிரிவின்படி உறுப்பினர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் குறைந்தது 10 ஆண்டு அரசுப் பணியில் இருந்தவர்களாக இருக்க வேண்டும். மாநிலத் தகவல் ஆணையத்துக்கு வேறு வழி. அங்கே முதலமைச்சர், சட்டமன்ற எதிர்க்கட்சித் தலைவர், முதலமைச்சர் குறிப்பிடும் ஓர் அமைச்சர் ஆகிய மூவர் குழு பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். மாநில மனித உரிமை ஆணையம் என்றால் குழுவில் சபாநாயகரும் சேருவார்.

மணலியில் இருக்கும் சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனம் போன்ற மத்தியப் பொதுத்துறை நிறுவனத்துக்கு நிர்வாக இயக்குநரைப் பரிந்துரைப்பது டெல்லியில் உள்ள பொதுத்துறை நிறுவனத் தேர்வு வாரியம். ராயப்பேட்டையில் தலைமையகம் வைத்திருக்கும் இந்தியன் வங்கிக்கு அந்த வாரியம் கிடையாது. வங்கிகளுக்கென்று 2016-இல் ஒரு அமைப்பு வந்தது, 2022 ஜூலையில் அதன் இடத்துக்கு வேறொன்று வந்துவிட்டது. ஆகவே கோப்பைத் திறந்ததும் முதல் பக்கத்தில், இந்தக் குழு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் பிறக்கிறது என்று எழுதுங்கள். அதை எழுத முடியவில்லை என்றால் அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டாம்.

பெயர் முதலில், காரணம் அப்புறம்

என்னை இன்றுவரை கோபப்படுத்தும் தவறு இதுதான். ஒருமுறை ஓர் இளம் அலுவலர் ஒரு கோப்பைக் கொண்டுவந்து காட்டினார். மூன்று உறுப்பினர்களுக்கான முன்மொழிவு. மூன்று பயோடேட்டாக்கள் இருந்தன. மூன்றிலும் ஒரே எழுத்துரு, ஒரே ஓரம், ஒரே தபால் முத்திரை, ஒரே தேதி. குறிப்புக் கோப்பில் மூவருக்கும் ஒரே வாக்கியம்: "உரிய தகுதியும் நீண்ட அனுபவமும் நன்மதிப்பும் உடையவர்."

"ஏம்மா, இவங்க மூணு பேரை விட்டா வேற யாரையாவது பார்த்தீங்களா?" என்று கேட்டேன்.

"மேலேருந்து பெயர் வந்துடுச்சு சார். பேப்பரைத் தயார் பண்ணச் சொன்னாங்க. எப்படித் தேர்ந்தெடுக்கணும்னு ரூல்ல எதுவுமே சொல்லலையே."

இந்தக் கடைசி வாக்கியம்தான் எல்லோரையும் கவிழ்க்கிறது. உண்மைதான், தேர்வாணைய உறுப்பினரை எப்படித் தேட வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் வழிமுறை எழுதி வைக்கவில்லை. அதனால் யாரை வேண்டுமானாலும் போடலாம் என்று ஆகிவிடாது. பஞ்சாப் தேர்வாணையத் தலைவர் நியமன வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வழிமுறை எழுதப்படாவிட்டாலும், அந்த நபரின் நேர்மையும் திறமையும் அந்தப் பதவிக்குப் பொருந்துகின்றனவா என்று அரசு விவரம் திரட்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்றது. பஞ்சாப் அரசின் கோப்பில் பயோடேட்டாவைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதைக் கண்டது. நியமனம் போய்விட்டது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேடுதல் குழு வைத்துத்தான் நியமிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த நடைமுறையை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எந்த வழியில் தேடுவது என்பது அரசின் கையில்தான் இருக்கிறது. தேடியதற்கான தடயம் கோப்பில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பஞ்சாப் நமக்குத் தூரம் என்று யாரும் சொல்ல முடியாதபடி அடுத்த அடி இங்கேயே விழுந்தது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கு 2016 ஜனவரி கடைசியில் 11 உறுப்பினர்கள் ஒரே மூச்சில் நியமிக்கப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பதினொரு நியமனங்களையும் ரத்து செய்தது. விவரம் திரட்டி, ஆராய்ந்து, கலந்து பேசி முடிவெடுத்ததாகக் காட்ட எந்த நடைமுறையும் இல்லை என்பதே அடிப்படை. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றத்திலும் மேல்முறையீடு நிற்கவில்லை. 1929-இல் மதராஸ் மாகாணத்தில் தொடங்கிய ஆணையத்தின் வாரிசு இது. லட்சக்கணக்கான பிள்ளைகள் குரூப் 4-க்கும் குரூப் 2-க்கும் ராத்திரி பகலாகப் படித்துவிட்டு நம்பி நிற்கும் இடம். தேர்ந்தெடுப்பவரையே சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்று கோர்ட் சொன்னால், தேர்வு எழுதியவன் யாரிடம் போய் நிற்பான்? இதைத்தான் அந்த இளம் அலுவலரிடம் சொன்னேன். சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது.

பெயரை முடிவு செய்துவிட்டுக் காரணம் எழுதுவது, தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பது மாதிரி. பொருத்தம் இல்லை என்று எழுத யாருக்கும் கை வராது.

சரி, கோப்பில் என்ன இருக்க வேண்டும்? முதலில், காலியிடத்துக்கு எப்படிப்பட்டவர் தேவை என்று பெயர் எதுவும் வராத ஒரு பக்கம். நிர்வாக அனுபவமா, பொறியியலா, சட்டமா, கல்வியா என்பது அதில் தெரிய வேண்டும். அப்புறம், இடங்களைவிடக் கூடுதலான பெயர்கள், அவை எங்கிருந்து வந்தன என்ற குறிப்போடு. அடுத்து, ஒவ்வொருவரைப் பற்றியும் அவர் தராத தகவல்: வேலை பார்த்த துறையிலிருந்து அறிக்கை, கண்காணிப்புத் துறையின் பதில், நிலுவை வழக்கு விவரம். அவரே டைப் அடித்துக் கொடுத்த பயோடேட்டாவை மட்டும் வைத்து அவர் நேர்மையானவர் என்று எப்படி எழுதுவது? கடைசியாக, ஏன் இவர், ஏன் மற்றவர் இல்லை என்று ஆளுக்கு இரண்டு வரி. ஒருவருக்கு எழுதிய வரியை இன்னொருவருக்கு அப்படியே ஒட்ட முடிந்தால் அந்த வரி செல்லாது.

அன்றைக்கு அந்தக் கோப்பைத் திரும்ப எடுத்துப் போனார். சில நாள் கழித்து ஐந்து பெயர்களும் துறை அறிக்கைகளும் சேர்த்துச் சுற்றுக்கு அனுப்பியதாகச் சொன்னார். முடிவில் யார் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

காலியிடம் விழுந்தபிறகு ஓடுவது

மேலே சொன்ன அவசரக் கோப்புகளில் பாதி இதனால்தான் பிறக்கின்றன. தேர்வாணைய உறுப்பினரின் பதவிக்காலம் ஆறு ஆண்டு, அல்லது 62 வயது, எது முந்துகிறதோ அது. பிறந்த தேதி நம் கையில் இருக்கிறது, காலியிடம் என்றைக்கு வரும் என்று இன்றே சொல்லலாம். தகவல் ஆணையர் பணியிடங்களை ஒன்றிரண்டு மாதம் முன்பே நிரப்பத் தொடங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொன்னது. என்னைக் கேட்டால் ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்.

உறவை விசாரிக்காமல் விடுவது

பெரும்பாலும் உறுதிமொழிப் படிவம் இருக்கும், உறுப்பினர் கையெழுத்தும் இருக்கும். ஆனால் விண்ணப்பதாரர் பட்டியல் தயாராவதற்கு முன்பே வாங்கிய கையெழுத்து அது. யார் வரப்போகிறார்கள் என்று தெரியாதபோது "எனக்கு உறவினர் யாரும் இல்லை" என்று எழுதி என்ன பயன்?

நகரத்தில் ஒரு கல்வி நிறுவனத்தில் நடந்தது. நேர்காணலுக்கு வந்த நிபுணர், தேர்வான ஒருவருக்கு முனைவர் பட்ட வழிகாட்டி. மதியச் சாப்பாட்டின்போது குழுவில் எல்லோருக்குமே தெரிந்திருந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை. வாய்ப்பு இழந்தவர் அந்த ஆய்வேட்டை எடுத்து, முன்பக்கச் சான்றிதழில் இருந்த வழிகாட்டியின் கையெழுத்தை நகலெடுத்து மனுவோடு இணைத்துவிட்டார். தடையாணை வந்தது. தவறே செய்யாத மற்றவர்களின் வேலையும் சேர்ந்து தொங்கியது.

"அந்த ஒருவர் வரும்போது மட்டும் எழுந்து போனால் போதாதா?" என்று கேட்பார்கள். 1969-இல் வந்த கிரைபக் வழக்கைப் படியுங்கள். ஜம்மு காஷ்மீரில் பொறுப்புத் தலைமை வனப் பாதுகாவலர் தானே விண்ணப்பதாரராக இருந்துகொண்டு தேர்வுக் குழுவிலும் உட்கார்ந்தார். தன் பெயர் வந்தபோது மட்டும் ஒதுங்கினார். தேர்வு முழுவதையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு 1985-இல் அரியானா வழக்கில் ஒரு வேறுபாட்டையும் சொன்னது. சாதாரணத் தேர்வுக் குழு என்றால் நெருங்கிய உறவினர் போட்டியில் இருக்கும் உறுப்பினர் குழுவிலிருந்தே விலக வேண்டும். அரசமைப்புச் சட்டம் உருவாக்கிய தேர்வாணையம் என்றால் அந்த உறவினரின் நேர்காணலிலிருந்து விலகினால் போதும், அவரைப் பற்றிய பேச்சிலும் சேரக் கூடாது. தேர்வாணையத்துக்குக் கிடைத்த இந்தச் சலுகையைத் தங்கள் அலுவலகக் குழுவுக்கும் எடுத்துக்கொள்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

ஒரே பெயரைப் பரிந்துரைப்பது

துணைவேந்தர் தேடுதல் குழு 3 முதல் 5 பெயர் தர வேண்டும். கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒற்றைப் பெயர் போனது, 2022-இல் நியமனமே செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

கோரம் பார்க்காதது

கோரம் என்பது கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு. யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் தேர்வுக் குழுவுக்குக் குறைந்தது நான்கு பேர், அதில் இரண்டு பேர் வெளி நிபுணர்கள். தலையை எண்ணி நான்கு வந்துவிட்டது என்று தொடங்காதீர்கள்.

எதைச் சொல்வது, எதை மறைப்பது

உறுப்பினர் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்ற கோப்பைக் கேட்டு ஆர்டிஐ மனு வந்தால், எடுத்த எடுப்பில் "ரகசியம்" என்று பதில் எழுதக் கூடாது. ஆனால் நேர்காணல் குழுவில் உட்கார்ந்தவர்களின் பெயரையும் முகவரியையும் தர வேண்டியதில்லை என்று பீகார் தேர்வாணைய வழக்கில் 2012-இல் தீர்ப்பு இருக்கிறது. அவர்களுடைய பாதுகாப்பு சம்பந்தப்பட்டது அது. இரண்டையும் குழப்பிக்கொண்டு முதலாவதை மறைத்துவிட்டு, இரண்டாவதை நேர்காணலுக்கு முந்தின நாளே வாசலில் கசியவிடுகிறார்கள்.

நேர்காணல் அன்று புது ஆளை உட்கார வைப்பது

நிபுணரின் ரயில் தாமதம், பக்கத்துக் கல்லூரியில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் இருக்கிறார், கூப்பிடலாமா? கூடாது. ஒப்புதல் பெற்ற பட்டியலில் மாற்று நிபுணர் பெயர் இருந்தால் அவரை அழையுங்கள், இல்லையென்றால் தேதியைத் தள்ளி வையுங்கள்.