பழைய மகிந்திரா ஜீப்: தோட்டத்து வாசலிலேயே செய்யக்கூடிய பழுதுவேலை

போடி, தேவாரம், கம்பம் அடிவாரத்திலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன் ஆளேற்றிக்கொண்டு மேலே போகும் ஜீப்புகளில் இன்றைக்கும் பழைய மகிந்திராக்கள் உண்டு. 500டி, எம்எம்540, மேஜர் என்று பெயர் மாறினாலும் அடியில் படுத்துப் பார்த்தால் எலும்புக்கூடு கிட்டத்தட்ட ஒன்றுதான். வில்லிஸ் ஜீப்பின் வழி வந்த ஏணிச் சேசி, நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங், முன்னும் பின்னும் கனமான ஆக்சில், நடுவில் இன்ஜின் இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ். எம்எம்540-இல் 2112 சிசி பெஜோ டீசல் இன்ஜின். 500டி-யில் டிராக்டர் வழி வந்த டீசல் இன்ஜின். இன்ஜின் எதுவானாலும் கீழ்வேலை பெரிதாக மாறாது. மலைத்தோட்டத்தில் வண்டியைப் படுக்கவைப்பது பெரும்பாலும் அந்தக் கீழ்வேலைதான்: தண்ணீர் புகுந்த பேரிங், தேய்ந்த கிங்பின் (முன் சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சு), எண்ணெய் குடித்த பிரேக் லைனிங். அதனால் முன் ஆக்சிலிலிருந்து தொடங்குவோம்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. ஜீப்பை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள். ஹாலோ பிளாக், செங்கல் இரண்டையும் முட்டுக்கு வைக்கவே கூடாது. ஒரு முனையில் பாரம் விழுந்தால் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். இரும்பு ஸ்டாண்டு இல்லையென்றால் ரயில் கட்டைபோல் கனமான மரத்துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஆக்சில் குழாயின் கீழ் கொடுங்கள். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். இந்த ஜீப்புகளில் பலவற்றுக்கு ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ஜாயின்ட் ஷாஃப்ட் மேல் இருக்கும். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினாலே டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரப் பெட்டி) சுற்றிவிடும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் வண்டி உருளும். கட்டை வைக்காமல் பின்பக்கம் ஜாக்கி போட்டவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிப்பது

40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழியில் இறங்கியதும் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் படபடவென்று ஆடி, வண்டியை நிறுத்தினால்தான் அடங்குகிறதா? உடனே ஸ்டியரிங் பாக்ஸை இறுக்கச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். பாக்ஸை அளவுக்கு மீறி இறுக்கினால் நடுவில் பிடித்துக்கொள்ளும், வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானாகத் திரும்பாது, ஆட்டமும் போகாது. பழைய ஜீப்பில் இந்த ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் சக்கரத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, முட்டுக் கொடுங்கள். டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் அது வீல் பேரிங்காகவும் இருக்கலாம், கிங்பின்னாகவும் இருக்கலாம். பிரித்தறிய எளிய வழி உண்டு. ஒருவரை பிரேக் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங். மறையாமல் நின்றால் கிங்பின். பிரேக் பிடித்ததும் டிரம்மும் பேக் பிளேட்டும் ஒன்றாகிவிடுவதால் பேரிங்கின் ஆட்டம் கையில் தெரியாது.

அடுத்து டயரை இடமும் வலமும் பிடித்து அசையுங்கள். இப்போது கண் டை ராட் எண்டுகள்மேல் (இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் தண்டின் உருண்டை முனைகள்) இருக்கட்டும். உருண்டைக்கும் கிண்ணத்துக்கும் நடுவே அசைவு தெரிந்தால் எண்டை மாற்றுங்கள். அதைச் சரிசெய்ய முடியாது. ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்க், ஸ்டியரிங் பாக்ஸைச் சேசியில் பிடித்திருக்கும் போல்ட்டுகள், ஸ்பிரிங் முனையைச் சேசியோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ் எல்லாவற்றையும் இன்னொருவர் ஸ்டியரிங்கை அசைக்க, விரல் வைத்துத் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும். இத்தனையும் சரியாக இருந்தும் ஆட்டம் போகவில்லை என்றால் டயரைப் பாருங்கள். ரீட்ரெட் போட்ட டயர் வட்டம் கெட்டிருந்தாலும், ரிம்மின் உள்பக்கம் சேறு காய்ந்து ஒட்டியிருந்தாலும் இதே ஆட்டம் வரும்.

டை ராட் எண்டை மாற்றும்போது பழையது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதை அதே சுற்றில் ஏற்றுங்கள். பிறகு டோ-இன் பாருங்கள். வில்லிஸ் வழி வந்த சிஜே வகை ஜீப்புகளில் இரு டயர்களின் முன்பக்க இடைவெளி பின்பக்கத்தைவிட ஏறக்குறைய 1 முதல் 2.5 மில்லிமீட்டர் வரை குறைவாக இருக்க வேண்டும். டயரைச் சுற்றவிட்டு நடுவில் சாக்பீஸால் கோடு கீறி, ஆக்சில் உயரத்தில் டேப் வைத்து அளந்தால் வீட்டிலேயே போதுமான துல்லியம் கிடைக்கும்.

வீல் பேரிங்கும் கிங்பின்னும்

ஓடையைக் கடந்து போகும் ஜீப்புக்கு வீல் பேரிங்கை வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். கிரீஸ் பால்காப்பி நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஹப் முனையில் இருக்கும் மூடியைத் தட்டி எடுத்து, ஆக்சில் முனையில் உள்ள ஸ்னாப் ரிங்கைக் கழற்றி, டிரைவ் பிளேன்ஜின் போல்ட்டுகளை அவிழுங்கள். உள்ளே வெளி நட், மடிப்பு வாஷர், உள் நட் என்ற வரிசை இருக்கும். உளி வைத்து அடித்து நட்டைச் சுற்றாதீர்கள். அதற்கென்று இருக்கும் பாக்ஸ் ஸ்பேனர் விலை அதிகமில்லை. பேரிங்கை டீசலில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, உருளைகளைப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தாலோ புள்ளிக் குழி விழுந்திருந்தாலோ பேரிங்கைக் கப்போடு சேர்த்து மாற்றுங்கள். புதிய உருளையைப் பழைய கப்பில் போட்டால் சீக்கிரமே இரண்டும் போகும். கம்ப்ரெஸர் காற்றால் பேரிங்கைச் சுழலவிடுவது விளையாட்டல்ல; உருளை சிதறினால் கண் போகும்.

கிரீஸ் லித்தியம் வீல் பேரிங் கிரீஸாக இருக்கட்டும். ஷேக்கிளுக்கு அடிக்கும் சாதாரண சேசி கிரீஸ் மலை இறக்கத்தில் பிரேக் சூட்டில் உருகி, சீல் வழியாக லைனிங்கில் இறங்கிவிடும். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, பேரிங்கின் அகலமான விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை நிரப்புங்கள். மேலே பூசினால் மட்டும் போதாது. ஹப்பின் உள்குழி முழுவதையும் நிரப்பவும் வேண்டாம்; சூட்டில் விரிய இடம் வேண்டும். உள் ஆயில் சீல் ஒவ்வொரு முறையும் புதியது.

மாட்டும்போது சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்குங்கள். சக்கரம் பிடிக்கத் தொடங்கியதும் ஆறில் ஒரு சுற்று பின்னால் விடுங்கள். அறுகோண நட்டில் அது ஒரு பக்கம் அளவு. பிறகு வாஷர், வெளி நட், மடிப்பு. வெளி நட்டை இறுக்கும்போது உள் நட்டும் சேர்ந்து இறுகியிருக்கலாம் என்பதால் சக்கரத்தை மறுபடி சுற்றிப் பாருங்கள். பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டிவிட்டு ஹப்பில் கை வையுங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் நட் இறுகியிருக்கிறது, அல்லது பிரேக் ஷூ உரசுகிறது.

மூடிய உருண்டை நக்கிள் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் மூட்டு) உள்ள முன் ஆக்சிலில் கிங்பின் ஆட்டத்தை மேல், கீழ் மூடிகளின் அடியில் இருக்கும் சிம் தகடுகளால் சரிசெய்யலாம். சிம்மை எடுத்தால் இறுகும். ஒரு பக்கம் மட்டும் எடுக்காமல் மேலும் கீழும் ஒரே கனம் எடுங்கள். இல்லையென்றால் நக்கிள் ஆக்சிலின் நடுக்கோட்டிலிருந்து விலகி, உள்ளே இருக்கும் ஜாயின்ட் தேயும். டை ராடைக் கழற்றிவிட்டுக் கையால் திருப்பினால் மெல்லிய இறுக்கத்தோடு ஒரே சீராகத் திரும்ப வேண்டும். இடையில் கடகடவென்று தடுத்தால் சிம் உதவாது, பேரிங் மாற்ற வேண்டும்.

நக்கிள் உருண்டையின் பின்னாலிருந்து மெல்லிய எண்ணெய் ஒழுகுகிறதா? வெளி சீலை மட்டும் மாற்றிவிட்டு விடாதீர்கள். டிஃபரன்ஷியல் எண்ணெய் உள் ஆக்சில் சீலைத் தாண்டி வந்து நக்கிள் கிரீஸைக் கரைக்கிறது என்பதே அதன் பொருள். உள் சீல் மாறும்வரை அது நிற்காது. சேற்றில் ஓடி வந்த அன்று, நிறுத்துவதற்கு முன் ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் இரண்டு மூன்று முறை திருப்பி விடுங்கள். உருண்டையில் ஒட்டிய ஈரத்தையும் மண்ணையும் சீல் துடைத்துவிடும். துரு பிடித்த உருண்டைதான் சீலைக் கிழிக்கிறது.

நான்கு இடத்து எண்ணெய்

கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் என்று நான்கு. முன் டிஃபரன்ஷியலைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மூன்று கியர் வில்லிஸ் வகையில் கியர்பாக்ஸுக்கு ஏறக்குறைய 1.4 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு 1.6 லிட்டர், ஒவ்வொரு டிஃபரன்ஷியலுக்கும் 1.2 லிட்டர் பிடிக்கும். பின்னால் வந்த நாலு, ஐந்து கியர் பெட்டிகளில் அளவு வேறு. எதுவானாலும் வண்டி சமதரையில் நிற்க, நிரப்பும் ஓட்டையின் கீழ் விளிம்பைத் தொடும்வரை ஊற்றுவதே சரியான அளவு. பித்தளை சிங்க்ரோ வளையம் உள்ள கியர்பாக்ஸில் ஜிஎல்-4 தர எண்ணெய் ஊற்றுங்கள். சில ஜிஎல்-5 எண்ணெய்களில் இருக்கும் கந்தகச் சேர்மானம் பித்தளையை அரிக்கும். ஜிஎல்-5-ஐ டிஃபரன்ஷியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிரெயின் பிளக்கை அவிழ்க்கும் முன் நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் வடிந்தபின் மேல் பிளக் துருவேறிப் பிடித்துக்கொண்டால் வண்டி அங்கேயே நிற்கும். வடிந்த எண்ணெய் வெண்ணெய்போல் வெளுத்திருந்தால் தண்ணீர். அப்போது சீலோடு சேர்த்து ஆக்சிலின் மூச்சுத்துளையையும் பாருங்கள். அது சேற்றால் அடைபட்டால் சூடான ஆக்சில் குளிரும்போது சீல் வழியாகத்தான் தண்ணீரை இழுக்கும்.

இந்த டிரான்ஸ்ஃபர் கேஸில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர் வீல் போட்டுத் தார்ச்சாலையில் வளைந்து போனால் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் உருள வேண்டும். அந்த வித்தியாசம் முழுவதும் ஷாஃப்ட்டில் முறுக்காக ஏறும். லிவர் எடுக்க வராது. அடித்து இழுக்காதீர்கள். சில அடி ரிவர்ஸ் எடுத்தால் முறுக்கு விட்டுவிடும். முன் டயரும் பின் டயரும் வேறு வேறு தேய்மானத்தில் இருந்தாலும் இதே கோளாறு வரும்.

பிரேக்

ஆளேற்றி மலை இறங்கும் வண்டி இது. பிரேக்கில் சமாதானம் கிடையாது. எண்ணெயோ கிரீஸோ குடித்த லைனிங்கை பெட்ரோலில் கழுவியோ நெருப்பில் காட்டியோ மீட்க முடியாது. சூடானதும் எண்ணெய் மறுபடி கசியும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஒரு பக்கம் கெட்டாலும் அதே ஆக்சிலின் இரு பக்கமும் மாற்றுங்கள். பழைய லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

பிரேக் குழாயிலிருந்து ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. மாஸ்டர் சிலிண்டரின் திரவக் கிண்ணம் ஒருமுறை காலியானாலும் எல்லாம் முதலிலிருந்து. மாஸ்டர் சிலிண்டர் தரைப் பலகைக்கு அடியில் இருக்கும் பழைய மாடல்களில் மூடியைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தபின் திறவுங்கள். டாட் 3 திரவம் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறிய திரவம் நீண்ட இறக்கத்தில் கொதித்து ஆவியாகும். பெடல் திடீரென்று தரை தொடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். திறந்து வைத்த பாட்டிலில் மிச்சமிருப்பதை மறு வருஷம் ஊற்றாதீர்கள்.

டீசலில் காற்று

டேங்க் வற்றினாலோ பில்டர் மாற்றினாலோ இன்ஜின் சுற்றும், எடுக்காது. ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து அடித்தால் பேட்டரிதான் தீரும். முதலில் பில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைலிவரை அடியுங்கள். நுரை நின்று கெட்டியாக டீசல் வந்ததும், லிவரை நிறுத்தாமலே ஸ்குரூவை இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பின் ஏர் ஸ்குரூவிலும் அப்படியே. கடைசியாக இன்ஜெக்டர் பக்கத்து பைப் நட்டுகளில் இரண்டை அரைச் சுற்று தளர்த்தி ஸ்டார்ட்டர் அடியுங்கள். டீசல் துடித்து வந்ததும் இறுக்குங்கள். அந்தப் பீறலுக்கு எதிரே கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். புண் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

காற்றெடுத்து ஓடியபின் சில நாளில் மறுபடி நின்றால், காற்று எங்கோ புகுகிறது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள குழாய் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் வெளியே ஒழுகாது, காற்றைத்தான் இழுக்கும். ஒழுகல் இல்லை என்பதால் குழாய் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள். வெடிப்பு விட்ட ரப்பர் குழாய், பழைய செம்பு வாஷர் இரண்டையும் முதலில் மாற்றுங்கள். கேனில் கொண்டுவந்த டீசலை ஒரு ராத்திரி அசையாமல் வைத்து, அடியில் நாலு விரல் விட்டு மேலே உள்ளதை மட்டும் ஊற்றுங்கள். ரோட்டரி பம்புக்கு உராய்வெண்ணெய் டீசல்தான். அதில் தண்ணீர் கலந்தால் பம்ப் போகும். இந்த வண்டியில் மிகச் செலவு பிடிக்கும் பழுதுகளில் அது ஒன்று.

எண்ணெய்க் கிண்ண ஏர் கிளீனரில் அடியில் சேறு படிந்ததும் கழுவி, குறி வரை மட்டும் இன்ஜின் ஆயில் ஊற்றுங்கள். குறியைத் தாண்டினால் இன்ஜின் அந்த எண்ணெயையே எரிபொருளாக உறிஞ்சி, ஸ்டாப் இழுத்தாலும் நிற்காமல் வேகம் கூடிக்கொண்டே போகலாம். அப்படி நேர்ந்தால் காற்று வரும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். வண்டி நகர்ந்துகொண்டிருந்தால் டாப் கியரில் பிரேக்கை முழுதாக அழுத்தி கிளட்சை விட்டு இன்ஜினை அமுக்கி நிறுத்த வேண்டும்.

ஸ்பிரிங் மாற்றியிருந்தால் யூ போல்ட்டுகளை 100 கிலோமீட்டர் ஓடியதும் பாரத்தோடு மறுபடி இறுக்குங்கள். அவை தளர்ந்தால் முழு இழுவையும் சென்டர் போல்ட்டின்மேல் விழும். அது முறிந்தால் ஆக்சில் ஒரு பக்கம் பின்வாங்கி, வண்டி நண்டுபோல் சாய்ந்து ஓடும். தோட்டத்துக்குப் போகும்போது ஒரு சென்டர் போல்ட், ஒரு கிராஸ் (ஜாயின்ட் ஷாஃப்ட்டின் சிலுவை மூட்டு), ஃபேன் பெல்ட், ஒரு முழம் டீசல் குழாய், நாலு கிளிப், செம்பு வாஷர் சில, ஹப் ஸ்பேனர் ஆகியவற்றை சீட்டுக்கு அடியில் ஒரு சாக்கில் சுற்றி வையுங்கள்.